இரும்புக்கு மேல் நின்றால் காந்தமானி ஏன் இறங்குகிறது?

யானைமலை, நாகமலை, பசுமலை, அழகர்மலை என்று திரும்பிய பக்கமெல்லாம் மலை நிற்கிற ஊர் மதுரை. இதில் ஏதாவது ஒன்று முன்காலத்தில் எரிமலையாக இருந்ததா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரியவர்களும் கேட்பார்கள். இல்லை, இந்த மலைகளின் உச்சியிலிருந்து ஒருநாளும் நெருப்புக் குழம்பு வழிந்ததில்லை. ஆனாலும் அது வீண் கேள்வி அல்ல. பல கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய பாறைக்குழம்பு இந்த வட்டாரத்துக்குள் ஒருமுறைக்கு மேல் ஏறி வந்திருக்கிறது. மேலே வந்து கொட்டாமல் உள்ளேயே நின்று, மெதுவாக ஆறிக் கல்லாகிவிட்டது. அதற்குக் கூரையாக இருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு வெயிலிலும் மழையிலும் தேய்ந்து போனதால், அன்று ஆழத்தில் இருந்த கல் இன்று நம் காலடியில் கிடக்கிறது. காந்தமானி என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் கருவி. இரும்பு நிறைந்த கல்லுக்கு மேல் அதன் அளவு நம் ஊரில் ஏன் இறங்குகிறது என்பதற்கு, இந்தக் கல்லின் கதையிலிருந்தே தொடங்குவோம்.

இப்படி உள்ளேயே நின்றுவிட்ட குழம்பு ஆறிக் கிடைப்பதைத்தான் ஊடுருவிய பாறை என்கிறோம். எரிமலைப் பாறைக்கும் இதற்கும் பிறப்பிடம் ஒன்றே. ஆறிய இடம்தான் வேறு. வெளியே கொட்டிய குழம்பு காற்றிலோ தண்ணீரிலோ சட்டென்று ஆறுவதால் அதில் மணிகள் வளர நேரம் கிடைப்பதில்லை. உடைத்துப் பார்த்தால் மணி தெரியாமல் மழுமழுவென்று இருக்கும். ஆழத்தில் நின்றது ஆயிரக்கணக்கான ஆண்டு எடுத்து ஆறும். அதில் ஒவ்வொரு கனிமமும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மணியாக வளர்ந்திருக்கும். வீட்டுப் படியிலோ சமையல் மேடையிலோ பதித்த கிரானைட் பலகையைக் குனிந்து பாருங்கள்: வெள்ளை, ரோஜா நிறம், கருப்பு என்று தனித்தனி மணிகள். கல் வியாபாரத்தில் மெருகேறுகிற கல் எல்லாவற்றுக்கும் கிரானைட் என்றே பெயர். புவியியலில் அதில் பாதிக்கு வேறு பெயர் இருக்கும், அது ஒரு பக்கம்.

குழம்பு எந்த வழியில் நுழைந்தது என்பதைப் பொறுத்து அந்தப் பாறையின் வடிவம் மாறும். பாறையின் வெடிப்புக்குள் செங்குத்தாக ஏறி நின்றால் அது சுவர், டைக் என்பார்கள். படுக்கைப் பாறைகளுக்கு இடையே கிடையாகப் பரவினால் சில். பெரிய அளவில் திரண்டு நின்றால் மைல் கணக்கில் அகலமான குண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கருப்பு டைக்குகள் நிறைய. அங்கே அவை நிலத்தடி நீரை மறிக்கிற சுவராகவும் வேலை செய்கின்றன. மதுரைப் பக்கம் அந்த மாதிரிக் கருஞ்சுவர்கள் குறைவு. நமக்குப் பக்கத்தில் பார்க்கத் தகுந்தது மூன்றாம் வகை.

அதற்குக் கடவூர் போக வேண்டும். திண்டுக்கல்லுக்கு வடகிழக்கே, கரூர் மாவட்டத்தில், சுற்றிலும் மலை வளையம் அமைந்த ஒரு பள்ளத்தாக்கு அது. பார்த்த உடனே யாருக்கும் எரிமலை வாய் என்றுதான் தோன்றும். வளையத்தில் நிற்பது குவார்ட்சைட். அதாவது ஒரு காலத்தில் மணலாகப் படிந்து, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிப்போன பாறை. நடுப் பள்ளத்தில் இருப்பதுதான் குழம்பில் பிறந்தது: கேப்ரோ என்ற கருநிறப் பாறையும் அனார்தோசைட்டும். சுமார் 83 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குழம்பு குவார்ட்சைட்டுக்குள் நுழைந்தது. பிற்காலத்தில் எல்லாம் சேர்ந்து மடிந்து எழும்பின. குவார்ட்சைட் எளிதில் கரையாது, கேப்ரோ கரையும். அதனால் நடுவில் பள்ளமும் சுற்றிலும் மலையும் ஆனது. எரிமலை வாய் போலத் தெரிவது அரிப்பின் வேலை.

அனார்தோசைட் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இது பெரும்பாலும் பிளாஜியோகிளேஸ் என்ற ஒரே கனிமத்தால் ஆன வெளிர்நிறப் பாறை. நிலவில் நமக்கு வெளுப்பாகத் தெரிகிற மேட்டுநிலம் பெரும்பாலும் இதே வகைப் பாறைதான். சந்திரயான் தரையிறக்கத்தைப் பூமியிலேயே சோதித்துப் பார்க்க நிலவு மண் மாதிரி தேவைப்பட்டபோது, இஸ்ரோ நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்தோசைட்டை அரைத்துத்தான் செய்தது. ஒட்டன்சத்திரத்திலும் அனார்தோசைட் உண்டு. கடவூர் மலைக்காடு இப்போது தேவாங்குக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அய்யலூர், கடவூர்க் காடுகளைச் சேர்த்து 2022-இல் அறிவித்த அந்தச் சரணாலயம்தான் தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம். அங்கே போகிறவர்கள் சுத்தியலை வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.

சரி, இனி மதுரைக்கு வருவோம். பாலக்காடு–காவிரிப் பிளவுப் பட்டைக்குத் தெற்கே, அச்சன்கோவில் பிளவுப் பட்டைக்கு வடக்கே உள்ள இந்தப் பெருந்துண்டைப் புவியியலாளர் மதுரைப் பாறைத்திட்டு என்பார்கள். பழனி மலை, சிறுமலை, வருசநாடு எல்லாம் இதற்குள் அடக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பாறைகளை நடந்து பார்த்து 1883-இல் அறிக்கை வெளியிட்டார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவரும் அவரே. இந்தத் திட்டில் அதிகம் இருப்பவை கிரானைட் போன்ற சார்னோகைட் என்ற பாறையும், பட்டை பட்டையான நைஸ் என்ற பாறையும். சார்னோகைட் என்ற பெயரைக் கொடுத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். அந்தக் கல் போனதும் சென்னைப் பக்கத்திலிருந்துதான்.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கண்டங்கள் மோதி ஒட்டிக்கொண்ட காலத்தில், மதுரைத் திட்டு ஆழத்தில் வெந்தது. வத்தலக்குண்டுக்கு மேற்கே கெங்குவார்பட்டிப் பகுதியில் சஃபிரின் என்ற அரிய நீலக் கனிமம் கிடைக்கிறது. அது குவார்ட்ஸோடு சேர்ந்து உருவாக வேண்டுமானால் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். உலகத்தில் இவ்வளவு சூடு கண்ட பாறைகள் மேற்பரப்பில் வெளிப்பட்டிருக்கும் இடங்கள் அதிகமில்லை. காந்தம் பற்றிப் பேசும்போது இந்த எண் மிக முக்கியம், ஏனென்றால் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் 580 டிகிரியைத் தாண்டினால் தன் காந்தத்தை முழுக்க இழந்துவிடும். பிறகு ஆறி 580-க்குக் கீழே இறங்கும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையைப் பதிந்துகொள்ளும். ஆக, அந்தச் சூடு கண்ட நம் பாறைகளில் அதற்கு முந்தைய காந்த நினைவு எதுவும் மிச்சம் இல்லை.

மேக்னடைட் என்பது மூன்று இரும்பு அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. சுத்தமானதில் 72 சதவீதம் இரும்பு. ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புக் கனிமத்தில் 70 சதவீதம். இரும்பின் அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. காந்தத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஹேமடைட் காந்தத்தை ஏறிட்டும் பார்க்காது என்றே வைத்துக்கொள்ளலாம். மேக்னடைட் ஒரு பாறையில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே கருவி கண்டுகொள்ளும். காந்த முறையில் இரும்புத் தாது தேடுவது என்றால் உண்மையில் மேக்னடைட்டைத் தேடுவதுதான்.

மேக்னடைட் ஓரிடத்தில் குவிய இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று குழம்பு வழி. கேப்ரோ போன்ற இரும்பு மிகுந்த குழம்பு ஆறும்போது மேக்னடைட் மணிகள் உண்டாகின்றன. அவற்றின் அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்து மடங்கு. சுற்றியுள்ள குழம்பைவிட மிக அதிகம். அவை அடியில் போய்த் தங்கி அடுக்காகச் சேரும். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் இப்படிச் சேர்ந்த மேக்னடைட் அடுக்குகளை வெட்டி எடுக்கிறார்கள். இந்த வகைத் தாதில் டைட்டானியம் கலந்திருக்கும், வனேடியமும் இருக்கும். ஸ்வீடனின் கிருணா சுரங்கத்து மேக்னடைட்டையும் குழம்போடும் அதிலிருந்து வந்த சூடான திரவத்தோடும் சேர்த்தே பெரும்பாலானவர்கள் விளக்குகிறார்கள். குழம்பு சுண்ணாம்புப் பாறையைத் தொடுகிற இடத்திலும் மேக்னடைட் திரளும்.

இன்னொன்று கடல் வழி. சேலம் கஞ்சமலை, கோதுமலை, தர்மபுரிப் பக்கத்துத் தீர்த்தமலை, திருவண்ணாமலையின் கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றில் இருப்பது இந்த வகை. 250 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு சிலிக்காவோடு மாறி மாறி அடித்தளத்தில் படிந்தது. அப்புறம் ஆழத்தில் வெந்து, மேக்னடைட்–குவார்ட்சைட் என்ற கருப்பு வெள்ளைப் பட்டைக் கல்லாயிற்று. இதில் இரும்பு 35, 40 சதவீதம் அளவில்தான். அரைத்து, காந்தத்தால் பிரித்தெடுத்தால்தான் உலைக்கு ஆகும். தமிழ்நாட்டின் பெரிய இரும்பு மலைகள் எரிமலையிலோ ஊடுருவிய குழம்பிலோ பிறந்தவை அல்ல என்பதை முதலில் படிக்கிறவர்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காந்தமானிக்கு இந்த இரண்டு வகையும் மேக்னடைட்தான். எது எது என்று சொல்லக் கருவியால் ஆகாது. பாறையை உடைத்துப் பார்த்த ஆள் வேண்டும்.

எப்படித் தேடுகிறார்கள்? ஸ்வீடனில் 17-ஆம் நூற்றாண்டிலேயே சுரங்கத் திசைகாட்டி என்ற ஒன்று இருந்தது. அதன் முள் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழும் சாயும். இரும்புக்கு மேலே போனால் முள் கீழே இழுக்கும். 1879-இல் ராபர்ட் தாலேன் அதை முறையான அளவீடாக்கி எழுதினார். ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் திசைகாட்டி முள் கோணலாகத் திரும்புவதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். 1923-இல் துளையிட்டபோதுதான் கீழே இருந்த இரும்புப் பாறை கையில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க விமானத்தில் காந்தமானி கட்டினார்கள். போர் முடிந்ததும் அதே கருவி தாது தேடப் போனது.

இன்றும் களத்தில் அதிகம் பார்க்கக்கூடியது 1954-இல் வந்த புரோட்டான் காந்தமானி. அதன் வேலை அழகானது. ஒரு சிறு குப்பியில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ இருக்கும். இரண்டிலும் ஹைட்ரஜன் நிறைய. குப்பியைச் சுற்றிய கம்பிச் சுருளில் சில நொடி மின்சாரம் விட்டால் ஹைட்ரஜனின் புரோட்டான்கள் ஒரு திசையில் அணிவகுக்கும். மின்சாரத்தை நிறுத்தியதும் அவை பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றி, வேகம் குறையும் பம்பரம் போலத் தலையாட்டும். எவ்வளவு வேகமாகத் தலையாட்டுகின்றன என்பதிலிருந்து புலத்தின் வலிமை தெரிந்துவிடும். மதுரையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. நானோடெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் ஒரு சிறிய அலகு. அந்தப் புலத்தில் புரோட்டான் நொடிக்கு ஏறக்குறைய 1,700 முறை ஆடும். ஒலியாக மாற்றினால் காதுக்கே கேட்கும். இதில் ஒரு நானோடெஸ்லா வித்தியாசத்தைக்கூடக் கருவி பிடித்துவிடும். நாற்பதாயிரத்தில் ஒன்று!

குப்பியைக் கோலின் நுனியில் மாட்டி, சம இடைவெளியில் கோடு போட்டு, கோட்டின் மேல் சில மீட்டருக்கு ஒருமுறை நின்று அளந்துகொண்டே நடக்க வேண்டும். பெல்ட் கொக்கி, சாவிக்கொத்து, கைபேசி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மின்கம்பி, பம்புசெட், போர்வெல்லில் இறக்கிய இரும்புக் குழாய், கம்பிவேலி, நிறுத்தி வைத்த டிராக்டர் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். மேலூர்ப் பக்கம் ஒரு கிலோமீட்டர் நடந்தால் இதெல்லாம் எத்தனை வரும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி வருவதுதான் நம் ஊருக்கு என்றே உள்ள சங்கதி. இதை விரிவாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

ஐரோப்பாவிலோ கனடாவிலோ எழுதிய பாடநூலைப் படித்தால், மேக்னடைட்டுக்கு மேலே போகும்போது அளவு ஏறும் என்று படம் போட்டிருக்கும். படத்தில் ஒரு குன்று தெரியும். குன்றின் உச்சிக்குக் கீழே தாது. இதை அப்படியே மதுரைக்குக் கொண்டுவந்தால் ஆளை வேறு இடத்தில் தோண்ட வைத்துவிடும். இங்கே தாதுக்கு நேர் மேலே அளவு இறங்கும்.

காரணம் பூமியின் காந்தப்புலம் எந்தக் கோணத்தில் நிலத்துக்குள் நுழைகிறது என்பதில் இருக்கிறது. துருவத்துக்குப் பக்கத்தில் புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே இறங்கும். டெல்லியில் 40 டிகிரிக்கு மேல் சாய்வு. தெற்கே வர வர அது படுத்துக்கொண்டே வரும். மதுரையில் சில டிகிரிதான். அதற்குக் கொஞ்சம் தெற்கே புலம் முழுக்கக் கிடையாகிவிடும். அந்தக் கோட்டைக் காந்த நடுக்கோடு என்கிறோம். அது நில நடுக்கோட்டோடு ஒட்டிப் போவதில்லை. நம் பக்கத்தில் வடக்கே வளைந்து, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை விடத் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இந்தக் கோட்டுக்காகத்தான்.

நிலத்தடியில் ஒரு மேக்னடைட் உருண்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூமியின் புலம் அதைக் காந்தமாக்கும். துருவப் பகுதியில் புலம் செங்குத்தாக இருப்பதால் உருண்டையும் செங்குத்துக் காந்தமாகும். அதன் ஒரு முனை நம்மை நோக்கி இருக்கும். அந்த முனைக்கு மேலே அதன் புலமும் பூமியின் புலமும் ஒரே திசை. இரண்டும் கூடும், அளவு ஏறும். மதுரையில் புலம் வடக்கு நோக்கிக் கிடையாக ஓடுகிறது. உருண்டையும் படுத்த காந்தமாகிறது. ஒரு முனை வடக்கே, ஒரு முனை தெற்கே. சட்டக்காந்தத்தின் மேல் இரும்புத்தூள் தூவி விளையாடிய நினைவு இருக்கும். ஒரு முனையில் கிளம்பும் கோடு வளைந்து திரும்பி மறுமுனைக்கு வரும். காந்தத்தின் நடுப்பகுதிக்கு மேலே அந்தக் கோடு எதிர்த்திசையில் ஓடும். அதே கதைதான் இங்கும். உருண்டைக்கு நேர் மேலே அதன் புலம் தெற்கு நோக்கி ஓடுகிறது, பூமியின் புலம் வடக்கு நோக்கி. ஒன்றிலிருந்து ஒன்று கழியும், அளவு இறங்கும். வடபுறத்திலும் தென்புறத்திலும் கொஞ்சம் தள்ளி இரண்டு சிறு மேடு தெரியும். மேட்டைத் தேடிப் போகிறவர் தாதைத் தாண்டிப் போய்விடுவார்.

இதோடு முடியவில்லை. படுத்த காந்தத்தின் நடுவுக்கு மேலே உள்ள புலம், நின்ற காந்தத்தின் முனைக்கு மேலே உள்ளதில் பாதிதான். அதோடு துருவப் பக்கம் பூமியின் புலமே 60,000 நானோடெஸ்லா அளவுக்கு இருக்கும், நமக்கு 40,000. தூண்டப்படும் காந்தமும் அந்த விகிதத்தில் குறையும். இரண்டையும் சேர்த்தால், ஒரே உருண்டை அங்கே காட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே காட்டும். ஆழம் இரட்டித்தால் உருண்டையின் அடையாளம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

இன்னும் வியப்பானது திசைக் கணக்கு. கிழக்கு மேற்காக நீண்ட தாதுப்பட்டை என்றால் வடக்கு நோக்கிய புலம் அதைக் குறுக்கே துளைக்கும். பட்டையின் வடபக்கச் சுவரும் தென்பக்கச் சுவரும் முனைகளாகும். மேலே தெளிவான பள்ளம் தெரியும். அதே பட்டை வடக்கு தெற்காக நீண்டிருந்தால் புலம் அதன் நீளவாக்கில் ஓடும். முனைகள் இரண்டும் பட்டையின் இரு கோடியில் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் கிலோமீட்டர் கணக்கில் மேக்னடைட் இருந்தாலும் கருவியில் பெரிய அசைவு இருக்காது. மேக்னடைட் ஒரே சீராக இல்லாமல் அங்கங்கே கூடிக் குறைந்திருந்தால் மட்டும், கோர்த்த மணி மாதிரிச் சிறு சிறு பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். காந்த வரைபடத்தில் ஒன்றும் இல்லை என்பதற்காக நிலத்தில் ஒன்றும் இல்லை என்று தென் தமிழ்நாட்டில் யாராவது சொன்னால், பாறை எந்தத் திசையில் ஓடுகிறது என்று திருப்பிக் கேளுங்கள். இதே காரணத்தால் இங்கே அளவுக்கோடுகளையும் வடக்கு தெற்காக நடப்பதே நல்லது. பள்ளத்தையும் அதன் இரு பக்க மேட்டையும் ஒரே கோட்டில் பிடித்துவிடலாம்.

கணினி வழியாக வரைபடத்தைத் துருவத்தில் எடுத்தது போல மாற்றிப் போடும் வழக்கமும் உண்டு. மற்ற இடங்களில் நன்றாக வேலை செய்யும். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கு தடுமாறி, வடக்கு தெற்காகப் பொய்க் கோடுகளைக் கிளப்பிவிடும். அழகாக வந்திருக்கிறதே என்று அதை நம்பிவிடக் கூடாது. நம் பகுதியில் மூல வரைபடத்தைப் பள்ளத்தோடு பள்ளமாகவே படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் திடமான கருத்து.

அப்புறம் நேரக் கணக்கு. தரைக்கு மேல் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகலான பட்டையில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். காலையில் அளந்த அதே இடத்தை நண்பகலில் அளந்தால் பல பத்து நானோடெஸ்லா கூடுதலாக இருக்கும். நடுக்கோட்டுக்கு அருகே சில நாள் நூறையும் தொடும். தாது காட்டும் பள்ளமே பல நேரம் அந்த அளவுதான் இருக்கும்! கொடைக்கானல் வானாய்வுக் கூடம் 1899-இல் தொடங்கியது. சூரியனைப் பார்க்கவே அமைத்த இடம் என்றாலும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே காந்த அளவீடும் ஆரம்பித்துவிட்டது. தினசரி ஏற்ற இறக்கத்தைப் பற்றிய நம் அறிவில் அந்த மலையின் பங்கு பெரிது. களத்தில் இதற்குத் தீர்வு எளிது: ஒரு கருவியை அசையாமல் ஓரிடத்தில் நிறுத்தி நாள் முழுக்க ஓடவிட வேண்டும், அது காட்டும் ஏற்ற இறக்கத்தை நடக்கிற கருவியின் அளவிலிருந்து கழிக்க வேண்டும். சூரியப் புயல் நாளில் கருவியை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

பள்ளம் கிடைத்துவிட்டாலும் உடனே இரும்பு என்று சொல்லிவிட முடியாது. சார்னோகைட்டில் இயல்பாகவே கொஞ்சம் மேக்னடைட் இருப்பதுண்டு. அது நைஸைத் தொடுகிற எல்லையிலேயே அளவு ஏறி இறங்கும். வெட்டவெளிக் குன்றின் உச்சியில் மின்னல் விழுந்த பாறை தன்னிச்சையாக ஒரு திசையில் காந்தமாகி நிற்கும். பழைய சூளையும் உலையும் இருந்த இடம் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். தொல்லியல் ஆய்வாளர்கள் காந்தமானியைத் தேடுவது அதற்காகத்தான். எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. மேற்பரப்பில் மேக்னடைட் காற்றும் நீரும் பட்டு ஹேமடைட்டாக மாறிப்போயிருந்தால் மேலே கிடக்கும் கல் காந்தத்தில் ஒட்டாது. அடியில் மாறாத தாது காத்திருக்கும்.

காந்தத்துக்குச் சுத்தமாகத் தெரியாத கனிமங்களும் நம் பக்கம் உண்டு. சிவகங்கையின் கிராஃபைட் காந்தத்தில் தெரியாது, மின்முறையில் தெரியும். டங்ஸ்டனின் முக்கியத் தாதுவான ஷீலைட்டும் அப்படியே. இரவில் புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும், காந்தமானி மட்டும் சும்மா இருக்கும். மேலூர்ப் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததும், 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி உட்பட அந்த ஊர்கள் திரண்டு நின்றன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற தகவல் வேறு, அதை எடுப்பதா என்ற முடிவு வேறு. முதலாவதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தால் இரண்டாவதில் ஊரின் குரலுக்கு வலு கூடும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் பாறை வரைபடங்கள் பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. உங்கள் வட்டாரத்தைத் திறந்து பாருங்கள்.

வீட்டிலிருந்தே தொடங்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வேலை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஓடைப் படுகையில் கருப்பாக வரி வரியாக ஒதுங்கிய மணலைப் பாருங்கள். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் விட்டால், முள் முள்ளாக ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் மேக்னடைட். காகிதத்தைப் பிரித்தால் தனியே உதிர்ந்துவிடும். ஒட்டாமல் மிஞ்சும் கருமணலில் டைட்டானியத் தாதுவான இல்மனைட் இருக்கும், சிவப்பு மணி கார்னெட். ஓடையில் மேல்நோக்கி நடந்து, எந்தக் கிளையில் கருமணல் கூடுகிறது என்று குறித்துக்கொண்டே போனால், அது எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொன்றுக்குக் கைபேசி போதும். பெரும்பாலான கைபேசிகளில் திசைகாட்டிக்காக ஒரு சிறு காந்த உணரி இருக்கிறது. அதன் அளவைக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. வெட்டவெளியில், வண்டி, கம்பிவேலி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி நின்றால் மதுரையில் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டிக் காட்டும். நானோடெஸ்லாவில் சொன்னால் அதே 40,000. காந்தம் வைத்த உறையைக் கழற்றிவிட்டு, கைபேசியை ஒரே நிலையில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த உணரி புரோட்டான் காந்தமானியைவிட மிக மந்தம். நூறு நானோடெஸ்லா வித்தியாசத்தையே சரியாகக் காட்டாது. ஆனால் மேக்னடைட் நிறைந்த கல் பக்கத்திலேயே இருந்தால் நிச்சயம் அசையும். வடக்கிலிருந்து தெற்காக நடந்து, சில அடிக்கு ஒருமுறை நின்று எழுதுங்கள். நடுவில் இறங்கி இரு பக்கமும் கொஞ்சம் ஏறினால், இறங்கிய இடத்தில் குனிந்து கல்லைப் பாருங்கள்.